மருந்துத் தாளின் முதல் வரி

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதலாம்தான், பழகிப்போன கை அதைத்தான் முதலில் எழுதப் போனது, ஆனால் இந்தக் கடிதத்தில் எதையும் வழக்கத்துக்காக எழுதக்கூடாது என்று உட்கார்ந்திருக்கிறேன், அதனால் இருக்கிறோம் என்று மட்டும் வைத்துக்கொள். நீ சுகமாக இருக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் என்ன பேசுவேன் என்று உனக்குத் தெரியும், சாப்பிட்டியா, அங்க குளிரா, இந்தா அம்மாகிட்ட குடுக்கறேன், அவ்வளவுதான், அதற்குமேல் எனக்குப் பேச்சு ஓடாது. அம்மாவும் சொல்லிவிட்டாள், போன்ல சொன்னா பாதியில லைன் கட் ஆயிடுச்சுன்னு தப்பிச்சுப்பீங்க, எழுதுங்க என்று. அதனால் எழுதுகிறேன். நீளமாகப் போகும், வேலைக்குப் போகிற அவசரத்தில் படிக்காதே, லீவு நாளில் படி.

முதலில் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். அம்மா வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கப் புது மெஷின் வந்திருக்கிறது, முகத்தை வைத்தால் போதும், பவரை அதுவே அச்சடித்துத் துப்புகிறது. அம்மாவுக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை, வருகிறவர்களை மெஷினில் ஒரு தரமும் தன்னுடைய பழைய எழுத்து அட்டை முன்னால் ஒரு தரமும் உட்காரவைத்துப் பார்க்கிறாள், இரண்டும் ஒத்துப்போனால் மெஷினைப் பார்த்து, பரவாயில்லையே என்கிறாளாம். உன் மாமா, நம் பிரேக் மாமா, இன்னும் டிரைவிங் ஸ்கூலை விடவில்லை. போன வாரம் ஓட்டப் பழக வந்த ஒருத்தர் வண்டியை நேராகக் கொண்டுபோய் ஸ்கூலின் சொந்த போர்டு மேலேயே ஏற்றிவிட்டார், மாமா தன் பக்கத்து பிரேக்கை ஏறி மிதித்தும் நிற்கவில்லை. அந்த பிரேக்கால்தானே உனக்கு அந்தப் பேரே வந்துச்சு, இனிமே வேற பேரு வச்சிரலாமா என்று அம்மா கேட்டதில் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் இந்தப் பக்கம் வரவில்லை. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவர் அவர்தான் என்பதால் நான் சிரிக்கவில்லை, சிரிப்பு வரவும் இல்லை. வேலைக்கு வாரத்தில் மூன்று நாள் போகிறேன். ஃபிரிட்ஜைத் தூக்குவது, கம்ப்ரஸரைக் கழற்றுவது எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. கேஸ் லீக் பார்ப்பது, தெர்மோஸ்டாட் மாற்றுவது, கதவு ரப்பர் மாற்றுவது, இப்படி உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்துக் கொடுக்கிறார்கள். நானும் உட்கார்ந்து செய்கிறேன்.

ஊசி விஷயம் உனக்குத் தெரியும், ஆனால் நான் சொன்ன அளவுக்குத்தான் தெரியும். ப்ராஸ்டேட்டில் இருந்த புற்றுக்குக் கதிர் வைத்தியம் முடிந்தது, இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, ரத்தத்தில் பார்க்கிற எண் நன்றாக இறங்கியிருக்கிறது, புற்று டாக்டருக்குத் திருப்தி. இதுவரைக்கும் சொன்னேன். ஊசி என்ன செய்கிறது என்று சொல்லவில்லை. ஆணை ஆணாக வைத்திருக்கிற ஹார்மோன்தான் இந்தப் புற்றுக்குத் தீனியாம், அதனால் அதைச் சுரக்கச் சொல்லி மூளையிலிருந்து வருகிற உத்தரவையே இந்த மருந்து தடுத்துவிடுகிறது. மெயின் ஸ்விட்சை அணைக்கிற மாதிரி, ஒரு ரூமில் கோளாறு என்று மெயினை அணைத்தால் எல்லா ரூமிலும்தானே விளக்குப் போகும். திடீரென்று கழுத்திலிருந்து சூடு ஏறி முகமெல்லாம் எரிந்து சட்டை நனைந்துவிடுகிறது. குளிர்பதனக் கிடங்கில் ஐந்து டிகிரியில் நின்றுகொண்டு நான் வேர்த்து வழிவதைப் பார்த்த அந்தக் கிடங்கு மேனேஜர், ரிப்பேர் மிஷினுக்கா உங்களுக்கா என்று கேட்டார். அம்மாவுக்குப் பத்து வருஷத்துக்கு முன்னால் இதே சூடு வந்தபோது ஃபேனைக் குறை என்று நான் சண்டை போட்டவன், இப்போது அவளே ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வாங்க வாங்க, இந்தப் பக்கமும் வந்து பாருங்க என்கிறாள். கையிலும் மார்பிலும் முடி உதிர்ந்துவிட்டது, தோல் வழவழவென்று ஆகிவிட்டது, சதை இடுப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. இதையெல்லாம்விடப் பெரிது, எதுவுமே உறைக்க மாட்டேன் என்கிறது. கோபம் இல்லை, பயம் இல்லை, ஆசையும் இல்லை. கூட இருபது வருஷம் வேலை பார்த்தவன் செத்துப்போன சேதிக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை, மறுநாள் டிவியில் சோப்புத் தூள் விளம்பரம் பார்த்து அழுதேன். மரத்துப்போன கன்னத்தோடு பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருப்போமே, தொட்டால் தெரியும் ஆனால் வலிக்காது, அப்படித்தான் நாள் போகிறது.

இன்னொன்று இருக்கிறது, அதை அம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. மார்பு இரண்டு பக்கமும் தடித்துவிட்டது. சிலருக்கு வரும் என்றார்கள், எனக்கு வந்தது. யூனிஃபார்ம் சட்டைப் பையில் டெஸ்டர் வைத்திருப்பேன் இல்லையா, அது உரசி வலிக்க ஆரம்பித்ததும் அதை பேன்ட் பைக்கு மாற்றினேன். பிறகு ஒரு சைஸ் சின்ன பனியன் வாங்கி உள்ளே போட்டேன், மூச்சு முட்டினாலும் போட்டேன். பஸ்ஸில் டூல் பையைத் தோளில் மாட்டாமல் முன்னால் அணைத்துக்கொண்டு நின்றேன். குளிக்கும்போது கண்ணாடிப் பக்கம் திரும்புவதில்லை, திரும்பினால் அங்கே நிற்கிறது நான் இல்லை, யாரோ என் உடம்புக்குள் எனக்குத் தெரியாமல் குடிவந்துவிட்ட மாதிரி இருக்கும். ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பிப் படி இறங்குகிறேன், அம்மா பின்னால் நின்று, எதுக்கு இப்படிக் கூனிக்கிட்டுப் போறீங்க, நிமிந்து நடங்க என்றாள். நான் படியிலேயே நின்றுவிட்டேன். நிமிர்ந்து நட என்று இதே படியில் நின்றுகொண்டு தினமும் காலையில் நான் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ ஸ்கூல் பையை முன்னால் மாட்டிக்கொண்டு போவாய், முதுகில மாட்டு என்பேன். வெயிலில் இரண்டு சட்டை போடுவாய், பைத்தியமா என்பேன். கால் சுளுக்குக்கு வாங்கி வைத்திருந்த அகலக் கட்டுத் துணியை நீ மார்பில் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்ததை அம்மா கண்டுபிடித்தபோது உன் விலாவெல்லாம் சிவந்து தடித்திருந்தது, அந்தத் துணியைக் கத்தரித்துக் குப்பையில் போட்டது நான்தான். அன்றைக்கு நீ என்னைப் பார்த்த பார்வை எனக்கு அப்போது திமிராகத் தெரிந்தது. உன்னுடையதும் என்னுடையதும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு அறுபத்துநாலு வயதில், உயிரைக் காப்பாற்ற, ஒரு வருஷம் வந்தது. உனக்கு வந்தது பதின்மூன்று வயதில், யாருக்கும் புரியாத காரணத்துக்காக, நிற்காமல் வந்தது. அப்போது நீ சொன்னதையெல்லாம் காதில் வாங்காதவனுக்கு அதில் கால் பங்காவது இப்போது தெரிகிறது, அவ்வளவுதான் சொல்கிறேன்.

இனி எழுதப்போவதுதான் விஷயம். இந்த ஊசி எலும்பை மெலிய வைக்கும் என்பதால் எலும்பின் பலத்தைப் பார்க்க ஹார்மோன் டாக்டரிடம் அனுப்பினார்கள், இரண்டாவது மாடி. வாசலில் பெயரைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டேன். அதே டாக்டரம்மா. உன்னைக் கூட்டிப்போனோமே, அவரேதான், முடி முழுக்க நரைத்துவிட்டது, மற்றபடி அதே மெதுவான பேச்சு. ஃபைலைப் புரட்டினார், பெயரைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், எலும்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதை எல்லாம் நிதானமாகச் சொல்லி முடித்தபிறகு, உங்க பொண்ணு எப்படி இருக்காங்க என்று கேட்டார், உடனே, பொண்ணுன்னு சொல்லிட்டேன், இப்ப எப்படிச் சொல்லணும்னு தெரியலையே என்று அவரே திருத்திக்கொண்டார். பையன்தான், நல்லா இருக்கான் என்றேன். ரொம்ப சந்தோஷம் என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை, குத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த டாக்டர் உனக்கு மருந்து தர முடியாது என்று சொல்லவே இல்லை. முடியாது என்று சொன்னவன் நான். திரும்ப ஒரு தரம் எழுதுகிறேன், நீ தப்பாகப் படித்துவிட்டதாக நினைக்கக் கூடாது. அவர் சரி என்றார், நான் மாட்டேன் என்றேன், வெளியே வந்து உன்னிடம் அவர் முடியாது என்றுவிட்டதாகச் சொன்னேன். அது அங்கே நாம் போன நாலாவது தரம், மனநல ஆலோசகரிடம் எட்டு மாதம் நீ பேசி முடித்திருந்தாய், உன் அம்மாவுக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை, நான் மட்டும் வந்தேன். உன்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் என்னிடம் ஒரு மணி நேரம் பேசினார். மனசு ஒன்றாகவும் உடம்பு வேறொன்றாகவும் இருக்கிற அந்த வேதனைக்குப் பெயர் இருக்கிறது என்றார். இந்த மருந்து உடம்பை வேறயா மாத்தாது, பருவ வளர்ச்சியை நிறுத்தி வைக்கும், உங்க பிள்ளைக்கும் உங்களுக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும், நிறுத்தினா உடம்பு விட்ட இடத்துலேருந்து தொடரும் என்றார். நல்லதை மட்டும் சொல்லவில்லை, எலும்பைக் கவனமா பார்த்துக்கிட்டே இருக்கணும், ரொம்ப வருஷம் கழிச்சு என்னன்னு முழுசா தெரியாத விஷயங்களும் இருக்கு, எல்லாப் பிள்ளைக்கும் இது சரின்னு நான் சொல்ல மாட்டேன், உங்க பிள்ளையைப் பாத்தவரைக்கும் முயற்சி பண்ணலாம்னு தோணுது என்றார். நான் மருந்துப் பெட்டியைக் கேட்டேன். உள்ளே மடித்து வைத்திருப்பார்களே பொடி எழுத்தில் ஒரு தாள், அதைப் பிரித்தேன், நம் தொழிலில் புது மெஷின் வந்தால் முதலில் மேனுவலைத்தானே பிரிப்போம். முதல் வரியிலேயே இந்த மருந்து ப்ராஸ்டேட் புற்றுநோய்க்குத் தரப்படுவது என்று போட்டிருந்தது. கிழவனுங்களுக்குப் போடற கேன்சர் மருந்தை எம் பிள்ளைக்குப் போடச் சொல்றீங்களா என்று எழுந்து நின்று கத்தினேன். ஒரே மருந்துக்குப் பல வேலை உண்டு, கீழ வரைக்கும் படிங்க என்றார். நான் படிக்கவில்லை. மேனுவலில் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு மெஷினைப் பிரிக்கிறவனை நான் என்னென்ன சொல்லித் திட்டுவேன் என்று உனக்குத் தெரியும், என்னிடம் வேலை பழக வந்த எத்தனை பேர் அதற்கு அழுதிருக்கிறார்கள். ஆனால் அந்த வரி ஒரு சாக்குதான். அது இல்லாவிட்டால் வேறு சாக்கு தேடியிருப்பேன். கையெழுத்துப் போட்டால் நீ சொல்வது நிஜம் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயந்தேன், அதுதான் காரணம். டாக்டர் சம்மதப் படிவத்தை என் கையில் கொடுத்து, அவசரமில்ல, வீட்டுல அவங்க அம்மாகிட்ட பேசிட்டு செவ்வாய்க்கிழமை வாங்க என்றார். வெளியே வந்தேன். நீ எழுந்து நின்றாய், முகத்தாலேயே கேட்டாய். முடியாதுன்னுட்டாங்க, வயசு பத்தாதாம் என்றேன். நானே உள்ள போய் ஒரு தரம் கேக்கட்டுமாப்பா என்றாய். பஸ் வந்துரும் என்று உன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு படி இறங்கினேன். அந்தப் படிவம் மறுநாள் பழைய இரும்புக்காரர் எடுத்துப்போன கம்ப்ரஸர் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது. உன் அம்மாவிடமும் இதே பொய்யைத்தான் சொன்னேன்.

ஒருநாள் சொன்ன பொய் என்றால் ஒருநாளோடு முடிந்திருக்கும். நான் பதினாறு வருஷம் தினமும் சொன்னேன். நீ நீச்சலை விட்டபோது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மாதத்தில் நாலு நாள் ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது சொல்லியிருக்கலாம், சோம்பேறி என்று திட்டினேன். பத்தொன்பது வயதில் நீ ஊரைவிட்டுப் போனபோது சொல்லியிருக்கலாம், அப்போது நமக்குள் பேச்சே இல்லை. இருபத்துமூன்று வயதில் நீ தன்னந்தனியாக மார்பில் ஆபரேஷன் செய்துகொண்டு இரண்டு மாதம் கழித்து எங்களுக்குச் சொன்னாயே, நான் வலிக்குதா என்று மட்டும் கேட்டேன், இல்லப்பா என்றாய். அந்தப் படிவத்தில் கையெழுத்து விழுந்திருந்தால் அந்தக் கத்தியே உன்மேல் பட்டிருக்காதோ என்னவோ, எனக்குத் தெரியாது. பட்டிருக்கலாம், மருந்து ஒத்துக்கொள்ளாமலும் போயிருக்கலாம், நாலு மாதத்தில் வேண்டாம் என்று நீயே சொல்லியிருக்கலாம். மருந்து நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. உன் உடம்பைப் பற்றிய பேச்சில் உன்னைச் சேர்க்காமல் நான் கதவைச் சாத்தினேன், சாத்தியது வேறு ஒருத்தர் என்று கையைக் காட்டினேன், தப்பு அதுதான். அப்புறம் நாம் சமாதானமாகி, நீ மகன் என்று என் வாயில் வரத் தொடங்கி, எல்லாம் நேரானபிறகு ஒருநாள் போனில் நீ சொன்னாய், அந்த டாக்டரை என்னிக்காவது பாத்தா ஒரே ஒரு கேள்வி கேக்கணும்பா, ஏன் என்கிட்ட நேரா சொல்லலைன்னு. நான் உம் என்றேன். நான் சொன்ன பொய்களில் அந்த உம்தான் பெரியது என்று இப்போது நினைக்கிறேன்.

டாக்டரைப் பார்த்து வந்த பத்தாவது நாள் உன்னுடைய சேதி வந்தது, அடுத்த ஊசிக்கு நான் லீவு போட்டு வரேன், மாமா வேண்டாம், நானே கூட்டிட்டுப் போறேன் என்று. படித்தவுடன் உள்ளங்கை வேர்த்தது, இது ஊசியால் வந்த வேர்வை இல்லை. வீண் அலைச்சல், வராதே என்று எழுதினேன், அழித்தேன். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று பிரேக் மாமாவிடம் கேட்டேன், ஓடற வண்டியில இஞ்சினை மாத்துவீங்களா அத்தான், ஏன் என்ன ஆச்சு என்றார், ஒன்றுமில்லை என்றேன். ஊசியையே விட்டுவிடலாம் என்றுகூட ஒரு மத்தியானம் நினைத்தேன், உன்னிடம் மறைக்கவே கூடாது, அதனால் சொல்கிறேன், ஊசியை விட்டால் ஆஸ்பத்திரியும் இல்லை, நீ வரவும் வேண்டாம், உடம்பும் பழையபடி ஆகும், மிச்சத்தைப் புற்று பார்த்துக்கொள்ளும். அப்படி நினைத்தபோதும் எனக்குள் ஒன்றும் பதறவில்லை, அதுதான் பிறகு என்னைப் பயமுறுத்தியது. மறுநாள் காலையில் முன்பதிவு ஒன்றும் இல்லாமல் போய் அந்த டாக்டரம்மா அறை வாசலில் நின்றேன். கடைசி ஆள் போனபிறகு கூப்பிட்டார். நின்றபடியே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, அப்ப இத்தனை வருஷமா என்னையா திட்டிக்கிட்டு இருந்தாங்க என்றார். ஆமாம் என்றேன். கண்ணாடியைத் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார். அப்புறம் சொன்னார், மூணு செவ்வாய்க்கிழமை பட்டியல்ல அந்தப் பேரை எடுக்காம வச்சிருந்தேன், மனசு மாறி வருவீங்கன்னு, அப்புறம் வேற எங்கயோ காட்டுறீங்க போலன்னு நினைச்சு எடுத்துட்டேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன், திட்டவில்லை. ஊசி ஒத்துக்கலைன்னா சொல்லுங்க, வேற வழி பேசலாம், உங்க உடம்பு, நீங்கதான் முடிவு பண்ணணும் என்றார். இந்த ஒரு வருஷத்தில் என்னிடம் எத்தனை பேர் எத்தனை தரம் சம்மதமா என்று கேட்டுவிட்டார்கள் தெரியுமா, ஒவ்வொரு தரமும் உட்காரவைத்து, விளக்கி, பேனாவைக் கையில் கொடுத்து. வரும்வழியில் பஸ்ஸில் அதை மட்டும் நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். துவைத்த துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை மடித்துக்கொண்டேதான் இருந்தாள், ஒரே துண்டைப் பிரித்துப் பிரித்து மடித்தாள். பிறகு, அந்த டாக்டரை நான் எத்தனை தரம் சபிச்சிருக்கேன் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். நாலு நாள் என்னோடு பேசவில்லை, ஃபேன் மட்டும் என் பக்கமே திரும்பியிருந்தது. ஐந்தாவது நாள் பேனாவையும் தாளையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். நான் அவன்கிட்ட சொல்ல மாட்டேன், உங்களுக்காக ஒரு வார்த்தை பரிஞ்சு பேசவும் மாட்டேன், நீங்க செஞ்சது நீங்களே எழுதுங்க என்றாள். நியாயம்தான். அவள் தன்மேலும் கோபமாக இருக்கிறாள், நானும் கூட வந்திருக்கணும், இல்ல ஒரு போனாவது போட்டுக் கேட்டிருக்கணும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள், நீ பேசும்போது அவள்மேல் தப்பில்லை என்று ஒரு வார்த்தை சொல்லு. என்னைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம்.

அடுத்த ஊசி வருகிற பதினான்காம் தேதி, காலை பத்து மணி. நீ வந்தாலும் வராவிட்டாலும் போட்டுக்கொள்வேன், அதில் கவலை வேண்டாம், பிரேக் மாமா இருக்கிறார். டாக்டரம்மா உன்னோடு பேசத் தயாராக இருக்கிறார், வந்தா வரட்டும், அவங்க கேக்க நினைச்சதைக் கேக்கட்டும், நானும் சொல்ல வேண்டியது இருக்கு என்றார். நான் கூட இருக்க வேண்டும் என்று இல்லை. என்னைப் பார்க்காமல் அவரை மட்டும் பார்த்துவிட்டுப் போவதென்றாலும் போ, அம்மா வந்து உன்னைப் பார்ப்பாள். உன்னுடைய ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறாய் என்று அம்மா சொன்னாள், நீ போட்டுக்கொள்கிற ஹார்மோனுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தே ஆக வேண்டுமாமே, அதைச் செய். மருந்துத் தாளை முழுக்கப் படி. எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, என்னுடையது வேண்டாம் என்றால் அம்மாவுடையதை மட்டும் எடுத்துக்கொள், அது கலப்படமில்லாதது.

மன்னித்துவிடு என்று எழுத வேண்டும், எழுதுகிறேன், மன்னித்துவிடு. ஆனால் எழுதும்போது எனக்குள் எதுவும் அசையவில்லை. அழுதுகொண்டே எழுதுகிறேன் என்று உனக்கு இன்னொரு பொய் சொல்ல விருப்பமில்லை. தப்பு என்று தெரிகிறது, எத்தனை பெரிய தப்பு என்றும் கணக்காகத் தெரிகிறது, உறைக்கத்தான் இல்லை. எண் இப்படியே நின்றால் அடுத்த வருஷம் சில மாதம் ஊசியை நிறுத்திவைப்பார்களாம், அப்போது எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும் என்கிறார்கள். அதனால் ஒன்று மட்டும் கேட்கிறேன். எனக்குப் பதில் எழுதுவதானால், அப்பாவுக்கு உடம்பு சரியில்லையே என்று பார்க்காதே, ஒரு வார்த்தையும் குறைக்காமல் எழுது. வந்தவுடன் ஒரு தரம் படிப்பேன். பத்திரமாக வைத்திருந்து, இந்த மரமரப்பு விட்டபிறகு இன்னொரு தரம் படிப்பேன்.

உன் அப்பா